ஒருமனதாக, மிகச் சிறப்பு

2025 ஜனவரி 11, சனி

ஜொகூரில் இந்த வருஷத்திலிருந்து சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. இதுவரை பல்கலைக்கழகத்தில் எனக்கு வெள்ளி, சனி. சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவர் குணாளனுக்குச் சனி, ஞாயிறு. ஒரு நாள்தான் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருப்போம். இனி இரண்டு நாள். இத்தனை வருஷம் பெரிய சண்டை இல்லாமல் குடும்பம் ஓடியதற்கு மாநில அரசாங்கம்தான் காரணம் என்று காலையில் சொன்னேன். பத்திரிகையை விட்டுத் தலையைத் தூக்காமல், "இனிமே கடவுள்தான் காப்பாத்தணும்," என்றார்.

நேற்று நியமனக் கடிதம் வந்தது. கரிமண் நீர்க்காப்புத் திட்டத்தின் மதிப்பீட்டுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். பத்து வருஷமாக மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஆராய்ச்சி. பொந்தியான் பக்கத்து அன்னாசித் தோட்டங்கள் பலவும் கரிமண்ணில்தான் இருக்கின்றன. இலை தழை மக்கிக் கறுப்பாகச் சேர்ந்த மண். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது காய்ந்து சுருங்கி, நிலம் வருஷா வருஷம் கீழே இறங்கும். கால்வாயில் மதகு வைத்து நீரைத் தேக்கினால் இறங்குவது நிற்கும் என்பதுதான் திட்டம் கொடுத்த வாக்கு. முதல் கட்டம் இந்த வருஷத்தோடு முடிகிறது. நாங்கள் கொடுக்கும் தரத்தைப் பார்த்துத்தான் இரண்டாம் கட்டம்.

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் ஏரம்பமூர்த்தி. என் முனைவர் பட்டத்துக்குத் தேர்வாளராக வந்தவர். அது போதாதென்று லோஷினி வேறு. குணாளனின் அக்கா புஷ்பவள்ளியின் மகள், அந்தத் திட்டத்தில்தான் ஒப்பந்த ஆய்வு உதவியாளராக இருக்கிறாள். நான் எப்படி இதில் உட்கார முடியும்? முதல் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மரியாதையாக எழுந்து வந்துவிடப் போகிறேன்.

ஜனவரி 22, புதன்

எழுந்து வர முடியவில்லை.

நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, இன்னின்ன உறவு இருக்கிறது, விலகிக்கொள்கிறேன் என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தானும் பேராசிரியரோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருப்பதாகச் சொன்னார். அடுத்தவரின் மாணவர்கள் இரண்டு பேர் திட்டத்தில் இருக்கிறார்களாம். இன்னொருவரின் ஆய்வுக்கூடத்தில்தான் திட்டத்தின் மண்ணையெல்லாம் சோதிக்கிறார்களாம். கடைசியில் குழுத் தலைவர் டத்தோ ரம்லான், பத்து வருஷத்துக்கு முன் இந்தத் திட்டத்துக்கு ரிப்பன் வெட்டியதே தான்தான் என்றார்.

"எல்லாரும் சொல்லிவிட்டோம். செமுவா சாமா லா," என்று சிரித்தார். எல்லாரும் ஒன்றுதானாம். ஆகவே யாருக்கும் தடையில்லை. குறிப்பில் அப்படியே பதிவாகிவிட்டது.

தேநீர் நேரத்தில் குழுவின் செயலாளர் திருச்செல்வத்தைப் பிடித்துக் கத்தினேன். கையில் கறிபஃபோடு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இந்த நாட்டுல கரிமண் தெரிஞ்சவங்க எல்லாரும் இந்த ஒரு மேசையில அடங்கிடுவாங்க டாக்டர். தெரிஞ்சவங்களை அனுப்பிட்டா தெரியாதவங்கதான் மார்க் போடணும். அது பரவாயில்லையா?"

அந்த மனிதர் சொன்னது உண்மைதானே? அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெக்கான் நானாஸ் தாண்டி மாதிரித் தோட்டத்துக்குக் களப்பயணம். நோன்பு மாதம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். குழு வந்தால் சாப்பாடு போட வேண்டும், சாப்பாடு இல்லாமல் மதிப்பீடு ஏது? பந்தல், பதாகை, அன்னாசிப் பச்சடி, இறால் சம்பல். கால்வாயில் தண்ணீர் தளதளவென்று நின்றது. அன்னாசி வரிசை வரிசையாக அழகாக இருந்தது. நான் மண்ணைப் பார்க்கக் குனிந்தபோதெல்லாம் யாராவது வந்து, "டாக்டர், இளநீர்?" என்றார்கள்.

வரப்போரம் இரும்புக் குழாய் ஒன்று நடப்பட்டிருந்தது. கரிமண்ணைத் துளைத்து அடியிலிருக்கும் களிமண் வரைக்கும் இறக்கிய குழாய். அது அசையாது. மேலே மண் இறங்க இறங்கக் குழாய் வெளியே தெரியும். இந்தத் துறையில் எங்களுக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. நிலம் நின்றுவிட்டது என்று சொல்லும் தோட்டத்தில் அது என் மார்புக்கு நின்றது.

ஏரம்பமூர்த்தியிடம் கேட்டேன். "அது மதகுக்கு முந்தியே நட்டது யோகேஸ். பழைய கதை," என்றார். இருக்கலாம்.

பந்தலில் பரிமாற வந்திருந்த ராசம்மாவின் வீடு தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. தூணில் நிற்கும் வீடு. கை கழுவ அங்கே போனேன். வாசற்படியின் கீழே புதிதாக இன்னொரு படி. சிமெண்டு இன்னும் வெளுப்பாகவே இருந்தது. இந்தப் பக்கத்தில் மண் இறங்கி, தூணில் நிற்கும் வீடு அந்தரத்தில் நின்றுவிட்டால் அப்படித்தான் கீழே ஒரு படி சேர்ப்பார்கள்.

"போன தீவாளிக்கு முந்தி கட்டுனோம்மா. காலு எட்டல," என்றார்.

மதகு வைத்ததில் பலன் உண்டா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் திட்டத்துச் சட்டை போட்டவர்கள் நின்றார்கள். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

குழாய் பழையதாக இருக்கலாம். படி புதுசு. ஆனாலும் ஒரு வீட்டுப் படியை வைத்துக்கொண்டு ஒரு தேசியத் திட்டத்தை எடைபோட முடியாது, அதுவும் எனக்குத் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

மதிப்பெண் தாளை முழுக்கப் படித்தேன். கட்டுரைகள், முனைவர்கள், காப்புரிமைகள், பயிற்சி பெற்ற விவசாயிகள் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். மண் நின்றதா இல்லையா என்பதற்குக் கட்டம் இல்லை.

ஏப்ரல் 5, சனி

நோன்புப் பெருநாள் ராயா விடுமுறைக்கு யோங் பெங்கில் அம்மாவிடம் போயிருந்த லோஷினி திரும்பும் வழியில் இங்கே வந்தாள். குணாளன் ரொட்டி சானாய் வாங்கப் போயிருந்த நேரம். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்துவிட்டாள்.

மாதா மாதம் தோட்டத்துக் குழாய்களை அளப்பது அவள் வேலைதானாம். மதகு வைத்த முதல் இரண்டு வருஷம் இறக்கம் குறைந்தது உண்மை. அந்த அளவுகளை வைத்துத்தான் கட்டுரையெல்லாம். அதற்குப் பிறகு பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது. மழையில்லாத மாதங்களில் மதகுக்குள் தேக்கத் தண்ணீரே இல்லை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்கள் வேறு இழுத்துவிடுகின்றன. பின்னால் வந்த அளவுகள் எந்த அறிக்கையிலும் இல்லை.

"சார்கிட்ட கேட்டேன் அத்தை. இன்னும் டேட்டா வேணும், ரெண்டாவது கட்டத்துல போடலாம்னாரு. ஆனா ரெண்டாவது கட்டத்துல அந்த நெலத்துலயே ஆளுங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போறாங்க. மண்ணு நின்னுடுச்சுன்னு சொல்லித்தான் கொடுக்கறாங்க."

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவளுக்கும் பேராசிரியருக்கும் மட்டும்தானாம். ஜூன் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது.

குணாளன் ரொட்டியோடு வந்தார். பேச்சு நின்றுவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏன்டி என்கிட்ட வந்து சொன்னே.

நான் குழுவில் வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் ஏரம்பமூர்த்திக்குத் தெரிந்துவிடும் யார் சொன்னது என்று. அவளைத் தவிர வேறு ஆள் இல்லையே. அப்பா இல்லாத பெண். புஷ்பவள்ளி அண்ணிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, வீடே அவள் சம்பளத்தில் ஓடுகிறது. அத்தை வீட்டில் வந்து மனசுவிட்டுச் சொன்னதை நான் மேசையில் போட்டு உடைக்கவா? சொல்லாமல் விட்டால் கரிமண்ணில் வீடு கட்டிக் குடிவைப்பார்கள், அது ஒரு பக்கம் சாயும், வெள்ளம் வரும், இன்னும் இன்னும் படி கட்டிக்கொண்டே இருப்பார்கள். சொன்னால் இவள். சொல்லாவிட்டால் அவர்கள்.

இந்தக் குழுவே வேண்டாம் என்றுதானே கையைத் தூக்கினேன். என்னை விட்டார்களா? விடவில்லை. நான் என்ன செய்வது?

குணாளன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலை விசயமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப திங்கக்கெழம யோசி," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனார். இந்த மனிதருக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் இவ்வளவு சுலபமாக இருக்கிறதோ.

மே 14, புதன்

திட்டத்து ஆட்களைக் குழு சந்தித்த நாள். லோஷினி வரவில்லை. உறவினர் இருக்கும் குழுவின் முன் உட்காரக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்களாம். பாருங்கள், இந்த ஒரு இடத்தில் மட்டும் விதியை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

யார் பெயரும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். சமீபத்திய இறக்க அளவுகள் உண்டா? ஏரம்பமூர்த்தி கண்ணிமைக்காமல், "சரிபார்த்துட்டிருக்கோம்," என்றார். டத்தோ தலையாட்டினார். அடுத்த கேள்வி.

வண்டி நிறுத்துமிடத்தில் பேராசிரியரே என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் கையிலிருந்த கோப்புகளை வாங்கிக் காரில் வைத்தார்.

"யோகேஸ், நான் பொய் சொல்லல. சொல்றதுக்கு நேரம் பாக்கறேன். இப்ப இது நல்லா இல்லைன்னு ஒரு வரி போனா திட்டத்தை மூடிடுவாங்க. அப்புறம் மண்ணு எறங்குதா ஏறுதான்னு பாக்கக்கூட ஆள் இருக்காது. நாப்பது பிள்ளைங்க வேலை செய்யறாங்க. உங்க வீட்டுப் பிள்ளையும்தான்."

மிரட்டலா அது? இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அறுபது வயதில் இன்னும் முட்டி வரை சகதியில் இறங்கி நிற்கிற மனிதர், அவரைத் திருடன் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒத்துப்போகும் வரைக்கும் பேசுவோம், அதுதான் வழக்கம். யாரும் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். யாராவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தேநீர் வரும். அவரைப் பார்த்து எல்லாரும் அன்பாகப் புன்னகை செய்வார்கள். ஊருக்குத் திரும்ப நேரமாகிறதே என்று யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இன்று ஒத்துக்கொள்ளாத அந்த 'யாராவது' நான்.

மண் இறங்குவதைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றேன். நல்ல யோசனை, ஆனால் எங்களுக்குக் கொடுத்த வரையறைக்குள் அது வராது என்றார் டத்தோ. ஒரு வாக்கியமாவது என்றேன். ஆதாரம் என்ன என்று மிக மென்மையாகக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லோஷினியின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். ராசம்மாவின் வாசற்படியைச் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் 'நீண்டகாலக் கண்காணிப்பு தொடரலாம்' என்று பின்னிணைப்பில் ஒரு வரி. அதற்கே எனக்கு நன்றி சொன்னார்கள். தரம்: மிகச் சிறப்பு. ஒருமனதாக.

பிள்ளையின் வேலை தப்பித்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

லோஷினிக்கு ஒப்பந்தம் நீட்டித்துவிட்டார்கள். புஷ்பவள்ளி அண்ணி போனில் அழாத குறை. "உன் நல்ல மனசு யோகேஸ். மாரியம்மன் கோயில்ல உன் பேர்லயும் அர்ச்சனை வச்சேன்." எனக்கு எதற்கு அர்ச்சனை.

லோஷினியிடமிருந்து ஒரு செய்திகூட இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லோஷினி வேலையை விட்டுவிட்டாள். சிங்கப்பூரில் ஒரு தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் சேரப் போகிறாள். யோங் பெங்கிலிருந்து தினமும் போய்வர முடியாதென்று எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்று குணாளன் சொல்லிவிட்டார். பெட்டியோடு வந்து இறங்கினாள்.

ஏன் விட்டாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"ரிப்போர்ட் படிச்சேன் அத்தை. மிகச் சிறப்பு. ஒருமனதாக."

உனக்காகத்தான் என்றேன். உன் பெயர் வெளியே வந்தால் உன்னை உடனே அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

"உங்களை யாரு எனக்காக யோசிக்கச் சொன்னது? நான் அத்தைகிட்ட அழ வரல. குழுவுல இருக்கறவங்ககிட்ட சொல்ல வந்தேன். வேலை போகும்னு தெரிஞ்சுதான் வந்தேன். வேற யாருகிட்ட போய்ச் சொல்றது? நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. சொல்லி முடித்துவிட்டு, எந்த அறை என்று கேட்டாள்.

ஐயோ. அந்தப் பெண் நாலு மாசம் காத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒவ்வொரு நாளும் நான் சொல்லிட்டேனா சொல்லிட்டேனான்னு. நான் அவளைக் காப்பாத்தறேன்னு இங்க உட்கார்ந்துகிட்டு — அவ முடிவெடுத்துட்டு வந்திருந்தா, நான்தான் அவளைச் சின்னப் பிள்ளையாக்கி மூலையில உட்கார வச்சுட்டேன்.

செப்டம்பர் 6, சனி

மாமனும் மருமகளும் விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டப் போகிறார்கள், இருட்டிய பின் வருகிறார்கள். பாலத்து நெரிசலைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்தால் அவள் மரியாதையாகத் தட்டைக் கழுவ எழுந்துவிடுகிறாள். "சாப்டீங்களா அத்தை" உண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

புஷ்பவள்ளி அண்ணி நான்தான் அவளைக் கலைத்துவிட்டேன் என்று நினைக்கிறார். அர்ச்சனையைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கியிருப்பார்.

டத்தோவுக்குப் போன வாரம் எழுதினேன். அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்க இன்னும் வழியுண்டா என்று. உடனே பதில் வந்தது. அறிக்கை அமைச்சுக்குப் போய்விட்டதாம், இரண்டாம் கட்டக் குழுவிலும் என் பெயரை ஏற்கெனவே போட்டுவிட்டாராம், கவலைகளை அங்கே தாராளமாகப் பேசலாமாம். அடியில் ஒரு புன்னகைப் படம்.

இப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேனே. கதவைத் தட்டினால் வாங்க வாங்க என்று உள்ளேயே கூப்பிடுகிறார்கள். வெளியே போகும் கதவு எங்கே?

அக்டோபர் 25, சனி

வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல விருந்து. வருஷா வருஷம் துறையிலிருந்து எல்லாரும் வருவார்கள், கூப்பிடாமல் விட்டால் அதுவே பேச்சாகிவிடும். டத்தோ ரம்லான் மனைவியோடு வந்தார். திருச்செல்வம் வந்தார். ஏரம்பமூர்த்தி ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சோடு வந்தார், எந்தப் பண்டிகையானாலும் அவர் அதுதான் கொண்டுவருவார். கூடத்தில் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று தோசையும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சாப்பிட்டார்கள். லோஷினி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏரம்பமூர்த்தி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். உண்மையான சந்தோஷம்தான். "என்னம்மா, எங்களை விட்டுட்டுப் போயிட்டே. டிசம்பர்ல ரெண்டாவது கட்டம் தொடங்கறோம், வந்துடு."

லோஷினி தட்டைக் கீழே வைத்தாள். "மண்ணு நின்னுடுச்சா சார்?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவரும் சாதாரணமாகவே சிரித்தார். "உங்க அத்தை கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அவங்களையே கேளு."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். குணாளனும் சிரித்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும். லோஷினி என்னைப் பார்த்தாள். ஏப்ரலில் பார்த்த அதே பார்வை. அன்றைக்கு அதைப் பயம் என்று நினைத்தேன்.

என் கையில் ஆட்டிறைச்சிக் கிண்ணம் இருந்தது. யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போயிருக்கலாம். எனக்கு நன்றாகவே வரும் அது.

"நிக்கல," என்றேன். "எறங்கிட்டுதான் இருக்கு. அந்த அறிக்கை சரியில்லை."

கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. டத்தோவுக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் ஏன் திடீரென்று அமைதியாகிவிட்டார்கள் என்று சிரித்தபடியே, "அப்பா டியா?" என்றார். என்ன விஷயம் என்று கேட்கிறார். ஏரம்பமூர்த்தி முந்திக்கொண்டார். வீட்டுப் பேச்சு டத்தோ, தீபாவளி வேடிக்கை என்று மலாயில் சொல்ல ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

தமிழில் சொன்னதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குள் சொன்னது வீட்டோடு போயிருக்கும். ஒருமுறை சொன்னதே பெரிது என்று இருந்தது.

"வேடிக்கை இல்லை டத்தோ," என்று மலாயில் சொன்னேன். "தானா மாசே துருன்." மண் இன்னும் இறங்குகிறது. மதகு வேலை செய்யவில்லை, நாம் அதைப் பார்க்காமல் மிகச் சிறப்பு என்று எழுதினோம், அந்த மண்ணில் ஆட்களைக் குடிவைக்கக் கூடாது என்று முழுசாகச் சொல்லி முடித்தேன்.

டத்தோ தட்டை மெதுவாக வைத்தார். ஏரம்பமூர்த்தி யாரையும் பார்க்கவில்லை, ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நேரமாகிறது என்றார்கள். போகும்போது கை குலுக்கி, சாப்பாடு அருமை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பாத்திரம் கழுவும்போது லோஷினி பக்கத்தில் வந்து நின்று துடைத்து வைத்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

திருச்செல்வம் அழைத்தார். குரலில் வழக்கமான பொறுமை. "டாக்டர், அன்னைக்குப் பேசினது மேல வரைக்கும் போயிடுச்சு. பயப்படாதீங்க. விருந்துல வெளையாட்டா சொன்னேன்னு ஒரே ஒரு வரி அனுப்புங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். யாருக்கும் உங்க மேல கோபம் இல்லை."

யாருக்கும் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இந்த வருஷம் முழுக்கத் தொல்லை.

குணாளனிடம் சொன்னேன். எல்லாவற்றையும், ஜனவரியிலிருந்து. முதல் முறையாக. அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். அப்புறம், "அந்த மண்ணுல நம்ம பேரப்பிள்ளைங்களைக் குடிவைப்பியா?" என்றார். எங்களுக்குப் பிள்ளையே கிடையாது. ஆனாலும் கேட்டார்.

நவம்பர் 5, புதன்

அனுப்பிவிட்டேன். ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். விளையாட்டாகச் சொல்லவில்லை என்றுதான் தொடங்கினேன். களத்தில் நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். மதகு வைத்த பின் எடுத்த குழாய் அளவுகள் எல்லாவற்றையும் திட்டத்திடம் கேட்டு வாங்குங்கள், அவை இருக்கின்றன என்று எழுதினேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும்.

அனுப்பும் முன் லோஷினியிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள். "அளந்தது யாருன்னு போடலையே அத்தை," என்றாள். உன் பெயர் எதற்கு என்றேன், பழைய புத்தி. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரைத் தானே தட்டினாள்.

நவம்பர் 22, சனி

இரண்டாம் கட்டத்தின் புதிய மதிப்பீட்டுக் குழுவை அறிவித்திருக்கிறார்கள். என் பெயர் இல்லை. சேவைக்கு நன்றி என்று தனியாக ஒரு கடிதம், நல்ல தாளில். துறைக் கூட்டத்துக்கு இரண்டு முறை என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். ஏரம்பமூர்த்தி நேற்று நடைபாதையில் எதிரே வந்தார். நின்று, சுகமா என்று கேட்டுவிட்டுப் போனார். யோகேஸ் என்று கூப்பிடவில்லை. அது வலிக்கத்தான் செய்தது.

காலையில் திருச்செல்வத்திடமிருந்து ஒரு செய்தி. டிசம்பர் தொடக்க விழாவும் வீட்டுமனை ஒப்படைப்பும் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றனவாம். குழாய் அளவுகளைக் கேட்டிருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. தள்ளிவைத்ததற்குக் காரணம் தொடர் மழை என்று மட்டும் எழுதியிருந்தார்.

லோஷினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம். தோட்டத்திலிருந்து அரை மணி தூரத்தில் எங்கள் ஸ்கூடாயில் நாலு நாளாக நல்ல வெயில். காலையில் போட்ட துணியெல்லாம் அதற்குள் காய்ந்துவிட்டது.